சிந்தனை மாற்றக் குழு நடத்த ஆள் தயார் செய்வது: நான்கு நாள் பயிற்சி போதுமா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு கவுண்டியின் நன்னடத்தைக் கண்காணிப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தண்டனை பெற்று வெளியில் கண்காணிப்பில் இருப்பவர்களுக்காக 'திங்கிங் ஃபார் எ சேஞ்ச்' (குற்றத்துக்குக் கொண்டுபோகும் எண்ணங்களைக் கவனித்து மாற்றப் பழக்கும் பாடத்திட்டம்) குழுக்களைத் தொடங்கப் போகிறோம். ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து வழிநடத்துநர் பயிற்சிக்கு அனுப்பும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நான்கு நாள் பயிற்சி போதும் என்கிறார்கள். போதுமா? யாரை அனுப்புவது? எங்கே சறுக்கும்?

பதில்:

போதாது. வழக்கமான 32 மணி நேரப் பயிற்சியில் ஒருவர் பாடப் புத்தகத்தைக் கையாளக் கற்றுக்கொள்வார். குழுவைக் கையாளக் கற்பது அதன் பிறகு, விஷயம் தெரிந்த ஒருவர் அறையின் மூலையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு "இந்த இடத்தில் இப்படிச் செய்தீர்கள், கவனித்தீர்களா?" என்று கேட்கும்போதுதான். உங்கள் கையில் இருக்கும் நேரத்திலும் பணத்திலும் பாதியையாவது பயிற்சிக்குப் பிந்தைய மேற்பார்வைக்கு ஒதுக்குங்கள். பல அலுவலகங்கள் எல்லாவற்றையும் அந்த நான்கு நாளில் செலவழித்துவிட்டு, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிடுகின்றன.

இது என் பிடிவாதம் மட்டுமில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் இளங்குற்றவாளிகளுக்கு 'அக்ரெஷன் ரீப்ளேஸ்மென்ட் டிரெய்னிங்' (வன்முறைக்குப் பதில் வேறு நடத்தையைப் பழக்குவது) என்ற குழுத் திட்டத்தை நீதிமன்றங்கள் நடத்தின. 10 வாரம், 30 அமர்வு. 2004-இல் வந்த மதிப்பீட்டில், திறமையாக நடத்தப்பட்ட இடங்களில் அடுத்த 18 மாதத்தில் பெருங்குற்றங்கள் மீண்டும் நிகழ்வது 24 சதவீதம் குறைந்திருந்தது. திறமையில்லாமல் நடத்திய இடங்களில் அந்தப் பலன் தெரியவில்லை. புத்தகம் ஒன்றே, அமர்வுகளின் எண்ணிக்கையும் ஒன்றே. முன்னால் நின்றவர்தான் வேறு.

லிப்சி, லாண்டன்பெர்கர், வில்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2007-இல் 58 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததிலும் இதே செய்திதான். அறிதல்-நடத்தை முறையிலான (எண்ணத்தை மாற்றுவதன் வழியாக நடத்தையை மாற்றும்) திட்டங்கள் சராசரியாக மீள்குற்றத்தை 25 சதவீதம் குறைத்தன. எந்தப் பெயர் கொண்ட பாடத்திட்டம் என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. வித்தியாசம் வந்தது மூன்று இடங்களில்: மீள்குற்ற அபாயம் அதிகமுள்ளவர்களைச் சேர்த்தார்களா, திட்டத்தை எவ்வளவு கவனமாக நடத்தினார்கள், கோபத்தைக் கையாள்வதும் பிறரோடு வரும் சிக்கலைத் தீர்ப்பதும் உள்ளே இருந்தனவா. 'எந்தப் புத்தகம் வாங்கலாம்' என்று ஆறு மாதம் கூட்டம் போடும் அலுவலகங்கள் இதைக் கவனித்தால் நல்லது. நீங்கள் எடுத்திருக்கும் பாடத்திட்டம் இலவசம் என்பது கூடுதல் வசதி. ஜாக் புஷ், பேரி கிளிக், ஜூலியானா டேமன்ஸ் ஆகிய மூவர் எழுத, 1990-களின் பிற்பகுதியிலிருந்து நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் கரெக்ஷன்ஸ் என்ற அமெரிக்க அரசு நிறுவனம் வெளியிட்டுவருகிறது. நான்காம் பதிப்பு 2016-இல் வந்தது, 25 பாடங்கள்.

இனி ஆள் தேர்வு. உளவியல் பட்டம் வேண்டியதில்லை. சிறைக் காவலர், நன்னடத்தை அலுவலர், ஆசிரியர், சமூகப் பணியாளர் என எல்லா வகையினரும் இதை நன்றாக நடத்துகிறார்கள்; எல்லா வகையினரும் மோசமாகவும் நடத்துகிறார்கள். "உன் வேலைப்பட்டியலில் இடம் இருக்கிறது, நீ போ" என்று தள்ளிவிடப்பட்டவர் மட்டும் நிச்சயம் வேண்டாம். "இவனுங்க திருந்த மாட்டானுங்க" என்று தேநீர் நேரத்தில் சொல்பவரும் வேண்டாம். குழுவில் உட்காருபவர்கள் அந்த வாசனையை இரண்டாவது அமர்வுக்குள் பிடித்துவிடுவார்கள். நன்றாகப் பேசத் தெரிந்தவர் என்ற ஒரே காரணத்துக்காகத் தேர்ந்தெடுப்பது இன்னொரு பொறி. இந்த வேலையில் நாவன்மை பாதி நேரம் இடைஞ்சல்.

நான் சிபாரிசு செய்யும் தேர்வு இது. விண்ணப்பிப்பவரிடம் ஒரு பாடத்தின் இரண்டு பக்கத்தைக் கொடுத்து 10 நிமிடம் நடத்தச் சொல்லுங்கள். முடிந்ததும் ஒரே ஒரு குறையை நேராகச் சொல்லுங்கள். "கேள்வி கேட்டுவிட்டு நீங்களே பதிலும் சொல்லிவிட்டீர்கள்" என்பது போல. கால் மணி இடைவேளை விட்டு அதே பகுதியை மறுபடி நடத்தச் சொல்லுங்கள். முதல் முறை எப்படி இருந்தது என்பதை மறந்துவிடுங்கள். இரண்டாவது முறை அந்தக் குறை மாறியதா? மாறினால் எடுத்துக்கொள்ளுங்கள். "இல்லை, நான் ஏன் அப்படிச் செய்தேன் என்றால்..." என்று வாதாட ஆரம்பித்தால், அவர் குழுவிலும் அதைத்தான் செய்வார்.

ஆறு பேரை அனுப்பினால் ஆறு பேரும் நிலைக்க மாட்டார்கள். இடமாற்றம், பதவி உயர்வு, மகப்பேறு விடுப்பு என்று குறையும். ஒரு குழுவுக்கு இரண்டு பேர் வேண்டும். ஆறு பேரில் ஒரே நேரத்தில் இரண்டு குழுக்களுக்கு மேல் திட்டமிடாதீர்கள்.

மேலதிகாரிகளுக்கும் அரை நாள் பயிற்சி கொடுங்கள். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை அமர்வு நடக்கும் நேரத்தில் வழிநடத்துநரை வேறு வேலைக்குக் கூப்பிடுவது யார்? ஆள் பற்றாக்குறை என்று இரண்டு வாரம் குழுவை நிறுத்துவது யார்? அந்த அரை நாளில் ஒரு விஷயம் அவர்கள் மனதில் பதிந்தால் போதும்: ரத்து செய்யப்படும் ஒவ்வொரு அமர்வும், சொன்ன சொல்லை அலுவலகம் காப்பாற்றவில்லை என்ற பாடத்தைக் குழுவுக்கு நடத்துகிறது.

நான்கு நாளை எப்படிச் செலவிடுவது? கோட்பாட்டுக்கு முதல் நாளின் முற்பகல் மட்டும். எண்ணம் உணர்வைத் தூண்டுகிறது, இரண்டும் சேர்ந்து செயலாகின்றன, செயலின் விளைவு மறுபடி பழைய எண்ணத்தை உறுதிப்படுத்துகிறது. இந்தச் சுற்றைப் புரிய வைக்க இரண்டு மணி நேரம் தாராளம். ஆண்ட்ரூஸ், போண்டா, ஹோக் மூவரும் 1990-இல் வகுத்த அபாயம் (யாருக்கு), தேவை (எதை மாற்ற), ஏற்புத்தன்மை (எந்த விதத்தில்) என்ற மூன்று கொள்கைகளுக்கு இன்னொரு மணி நேரம். மீதி மூன்றரை நாளும் செய்முறை. பயிற்சி பெறும் ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு முறை, 20 முதல் 30 நிமிடம், ஒரு பாடத்தை எழுந்து நின்று நடத்த வேண்டும். மற்றவர்கள் குழு உறுப்பினர்களாக உட்கார வேண்டும். இரண்டு பயிற்றுநர்களுக்கு 16 பேருக்கு மேல் எடுத்தால் இந்தக் கணக்கு உதைக்கும், ஆளுக்கு ஒரு முறைதான் கிடைக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். உறுப்பினராக நடிக்கும் சக ஊழியர்கள் ரவுடி வேடம் கட்டிக்கொண்டு மேசையைத் தட்டி அமர்க்களம் பண்ணுவார்கள். அதை முதல் நிமிடத்திலேயே நிறுத்துங்கள். உண்மையான குழுவில் பெரிய தொல்லை சத்தம் இல்லை, மௌனம்தான். "தெரியல", "ஒண்ணும் தோணல", "நீங்க சொன்னா சரி" என்று பதில் வரும் குழுவை நடத்தத்தான் பழக வேண்டும்.

பயிற்சியின் இதயம் என்று நான் நினைப்பது சிந்தனை அறிக்கை, அதாவது ஒரு சம்பவத்தின்போது மனதில் ஓடியதைப் பங்கேற்பாளரின் சொற்களிலேயே பிரித்து எழுதுவது. இதில்தான் அதிக நேரம் போக வேண்டும், இதில்தான் அதிகம் தவறும் நடக்கிறது. பலகையில் நான்கு பகுதி: சூழ்நிலை, எண்ணங்கள், உணர்வுகள், நம்பிக்கைகள். ஒரு மாதிரி அறிக்கை இப்படி இருக்கும்.

சூழ்நிலை: "அலுவலகத்துக்கு 20 நிமிடம் தாமதமாகப் போனேன். வரவேற்பில் இருந்தவர் உட்காருங்கள், கூப்பிடுகிறோம் என்றார். நான் கத்தினேன். கதவை அறைந்துவிட்டு வெளியே போனேன்."

எண்ணங்கள்: "இவளுக்கு நான் வெறும் நம்பர்." "எப்படியும் என்னை உள்ளே தள்ளத்தான் பாக்குறாங்க." "இங்க உட்கார்ந்தா அடங்கிப் போன மாதிரி ஆயிடும்." "பஸ் லேட்டானா அது என் தப்பா?" "போனா போகுது."

உணர்வுகள்: கோபம், அவமானம், பயம்.

நம்பிக்கை: "யாருக்கும் அடங்கிப் போகக் கூடாது."

பார்க்க எளிது. இதை ஒருவர் வாயிலிருந்து, அவர் சொற்களிலேயே வரவழைப்பதுதான் வித்தை. புதியவர்கள் விழும் குழிகள் ஏறக்குறைய எப்போதும் ஒரே வரிசையில் வருகின்றன. முதலாவது, சூழ்நிலைப் பகுதியிலேயே கருத்தை எழுதிவிடுவது. "வரவேற்பில் இருந்தவர் திமிராகப் பேசினார்" என்று பலகையில் ஏறிவிட்டால் அறிக்கை அங்கேயே கெட்டது. ஒரு கேமரா பதிவு செய்திருந்தால் அதில் என்ன தெரியும், என்ன கேட்கும்? அதை மட்டும் எழுத வேண்டும். 'திமிர்' என்பது எண்ணப் பகுதியில் இருக்க வேண்டிய சொல். இரண்டாவது, "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்பது. ஏன் என்ற கேள்விக்கு நியாயம் கற்பிக்கும் பதில்தான் வரும். "அந்த நொடியில் மனதில் என்ன ஓடியது? அதற்கு அடுத்து?" என்று கேட்டால் எண்ணம் வரும். மூன்றாவது, இரண்டு எண்ணத்தோடு திருப்தி அடைவது. முதல் இரண்டும் பெரும்பாலும் பாலிஷ் போட்டவை. ஐந்தாவது, ஆறாவது எண்ணத்தில்தான் சரக்கு இருக்கும். நான்காவது, வழிநடத்துநரே எண்ணத்தை ஊட்டுவது: "அப்போது உங்களுக்கு 'இவள் என்னை மதிக்கவில்லை' என்று தோன்றியிருக்குமே?" தலையாட்டிவிடுவார். அந்த அறிக்கை வழிநடத்துநருடையது, அவருடையது இல்லை.

ஐந்தாவது குழிதான் ஆழம். நம்பிக்கையைப் பலகையில் எழுதியவுடன் அதை எதிர்த்து வாதாடத் தொடங்குவது. "யாருக்கும் அடங்கக் கூடாது என்பது தவறு இல்லையா?" என்று வழிநடத்துநர் கேட்டுவிட்டால், அறையில் இருக்கும் பத்துப் பேரும் அந்த நம்பிக்கையின் பக்கம் போய் நின்றுகொள்வார்கள். அந்த நம்பிக்கை சிலரை உயிரோடு வைத்திருந்திருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்வது இந்தப் பாடத்தில் இல்லை. இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த எண்ணங்களில் எது உங்களைக் கத்தும் இடத்துக்குக் கொண்டுபோனது? அந்த எண்ணத்தின் கீழ் அவரே கோடு போட வேண்டும். பிறகு, "அந்த இடத்தில் வேறு எந்த எண்ணம் வந்திருந்தால் கதவை அறைந்திருக்க மாட்டீர்கள்?" என்று குழு சேர்ந்து தேடும். அங்கேயும் ஒரு சறுக்கல் உண்டு. "வரவேற்பாளரும் பாவம், அவருக்கும் எத்தனை வேலையோ" என்று ஒருவர் அழகாகச் சொல்வார், வழிநடத்துநர் மகிழ்ந்துபோய் எழுதிவிடுவார். சம்பந்தப்பட்டவர் அதை வீதியில் தனக்குள் சொல்லிக்கொள்வாரா? மாட்டார். "பத்து நிமிஷம் உட்கார்ந்தா இன்னைக்கு ராத்திரி வீட்டுல தூங்கலாம்" என்பது அவ்வளவு உயர்ந்த எண்ணம் இல்லை. ஆனால் அது அவருடையது, வேலை செய்யும்.

பயிற்சிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் தம் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு சிந்தனை அறிக்கை எழுதிப் பலகையில் வைக்க வேண்டும். பயிற்சியின் கூச்சமான பகுதி இது, தவிர்க்கவும் கூடாது. வண்டியை வேகமாக ஓட்டி அபராதம் கட்டியது, வீட்டில் சுள்ளென்று பேசியது போன்ற சின்னச் சம்பவம் போதும். ஆறாத காயத்தைக் கிளற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தன் எண்ணத்தை அந்நியர் முன்னால் சொல்வது எவ்வளவு கடினம் என்று தெரியாதவர், பிறரிடம் அதைக் கேட்கும்போது அவசரப்படுவார்.

பாடத்திட்டத்தின் இன்னொரு பகுதியான சமூகத் திறன் பாடங்கள் (பிறரோடு பேசிப் பழகும் திறன்கள்) இதைவிட இயந்திரத்தனமானவை. ஒழுங்கைக் கற்றுக்கொண்டால் போதும். திறனைச் சொல்லி, படிகளை விளக்கி, இரண்டு வழிநடத்துநர்களும் நடித்துக் காட்டி, ஒவ்வொரு பங்கேற்பாளரும் தன் வாழ்க்கையில் அது எங்கே தேவை என்று கண்டுபிடித்து, நடித்துப் பார்த்து, கருத்துக் கேட்டு, வீட்டுப்பாடம் வாங்கிக்கொண்டு போவது. மாதிரி நடிப்பை முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவிடுங்கள். எந்தப் படியில் என்ன நினைக்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்லி நடிக்க வேண்டும், தலையைத் தொட்டுக்கொண்டு. முதல் தடவை எல்லோருக்கும் சிரிப்பு வரும். ஆனால் "படி இரண்டு: எனக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்கிறேன்" என்பது வெளியில் தெரியாத செயல்; சொல்லாவிட்டால் பார்ப்பவருக்கு அது நடந்ததே தெரியாது. நடித்த பிறகு கருத்துச் சொல்லும் வரிசைக்கும் காரணம் உண்டு. உடன் நடித்தவர் முதலில், குழு அடுத்து, பிறகு வழிநடத்துநர், நடித்தவர் கடைசியில். அவரை முதலில் பேசவிட்டால் "சொதப்பிட்டேன்" என்பார், மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். குழுவில் ஆளுக்கொரு படியைக் கவனிக்கச் சொல்லி ஒதுக்கிவிட்டால் "நல்லா இருந்துச்சு" என்ற வெற்றுப் பாராட்டு குறையும். எல்லோரும் நடிக்க வேண்டும். நேரம் போதவில்லை என்று நான்கு பேரோடு முடிக்கும் பழக்கம் வந்தால், ஒதுங்கி உட்காரும் நான்கு பேர் எப்போதும் அதே நான்கு பேராகத்தான் இருப்பார்கள்.

சிக்கல் தீர்க்கும் பாடங்கள் முன்னிரண்டின் மேல் கட்டப்பட்டவை. நின்று யோசி என்பதில் தொடங்கி, சிக்கலைச் சொல், இலக்கு வை, வழிகளையும் விளைவுகளையும் பார், திட்டமிடு, செய்து பார்த்து மதிப்பிடு என்று போகும். இங்கே ஒரே எச்சரிக்கை: வழிகளை அடுக்கும்போது "அவனை அடிக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அதையும் பலகையில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அது மனதிலேயே தங்கிவிடும். எழுதினால்தான் அதன் விளைவையும் பக்கத்தில் எழுத முடியும்.

குழு நிர்வாகத்தில் பயிற்சி அதிகம் தொடாத ஓர் ஆபத்து, சிரிப்பு. ஒருவர் பழைய திருட்டைச் சாகசம் போல விவரிக்கிறார், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பே பரிசு. டிஷியன், மெக்கார்ட், பூலின் மூவரும் 1999-இல் எழுதிய கட்டுரை, சிக்கலுள்ள இளைஞர்களை ஒன்றுசேர்க்கும் திட்டங்கள் சில நேரம் அவர்களை இன்னும் கெடுத்துவிடுகின்றன என்று எச்சரித்தது. அப்படிக் கெடும் வழிகளில் ஒன்று இந்தச் சிரிப்பு. பிரசங்கம் செய்து அதை நிறுத்த முடியாது. "கதை போதும். கையை வைப்பதற்கு ஒரு நொடி முன்னால் மனதில் என்ன ஓடியது?" என்று பலகைக்குத் திருப்பிவிட வேண்டும். கூடவே, பெயர், இடம், தேதி வேண்டாம், வழக்குப் பதியாத குற்றத்தைப் பற்றிய விவரம் வேண்டாம் என்று முதல் அமர்வில் விதியாகவே சொல்லிவிடுங்கள். எதைக் கேட்டால் மேலிடத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். யாரையாவது கொல்வேன் என்ற மிரட்டல், குழந்தைக்கு நடக்கும் கொடுமை போன்றவை. நடுவில் சொன்னால் துரோகமாகத் தெரியும்.

நன்னடத்தை அலுவலரே வழிநடத்துநராக இருக்கும்போது ஒரு முரண் வருகிறது. காலையில் விதிமீறல் அறிக்கை எழுதும் அதே கை மாலையில் பலகையில் எண்ணங்களை எழுதுகிறது. முடிந்தவரை அவரவர் மேற்பார்வையில் இருப்பவர்களை அடுத்தவர் குழுவில் போடுங்கள். முடியாதபோது, குழுவில் சொன்ன எண்ணம் எதுவும் கோப்புக்குப் போகாது, வருகையும் வீட்டுப்பாடமும் மட்டும் போகும் என்று எழுத்தில் கொடுங்கள்.

இரண்டு வழிநடத்துநர்களில் ஒருவர் நடத்துவதும் மற்றவர் கைப்பேசி பார்ப்பதும் சகஜமாகிவிட்ட காட்சி. இரண்டாமவருக்கு வேலை உண்டு: பலகையில் எழுதுவது, முகங்களைப் பார்ப்பது, பேசாதவரைக் கணக்கு வைப்பது. அமர்வு முடிந்து 15 நிமிடம் இருவரும் உட்கார்ந்து பேச அட்டவணையிலேயே இடம் விடுங்கள். தயாரிப்புக்கும் நேரம் வேண்டும். முதல் சுற்றில் ஒன்றரை மணி நேரப் பாடத்துக்கு அதே அளவு தயாரிப்பு நேரம் ஆகும். அதை வேலை நேரத்தில் கொடுக்காவிட்டால், பாடத்தைப் புத்தகம் பார்த்து வாசிப்பார்கள்.

வாசிப்பது என்றதும் மேற்பார்வைக்கு வருகிறேன். கவனிப்பவர் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக மதிப்பிட வேண்டும். புத்தகத்தில் இருப்பதைச் செய்தாரா என்பது ஒன்று. எவ்வளவு திறமையாகச் செய்தார் என்பது இன்னொன்று. ஒவ்வொரு வரியையும் பிசகாமல் வாசித்தவர் முதலாவதில் முழு மதிப்பெண் வாங்குவார். எதிரில் இருப்பவர்கள் தூங்கியிருப்பார்கள். ஒரே படிவத்தில் இரண்டையும் கலந்து 'ஆம், இல்லை' கட்டம் போட்டால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும்.

பயிற்சி முடித்தவர் முதல் சுற்றில் அனுபவமுள்ள ஒருவரோடு சேர்ந்து நடத்தட்டும். 25 பாடங்களில் பாதியையாவது அவர் முன்னின்று நடத்த வேண்டும். அந்தச் சுற்றில் நான்கு முறையாவது கவனிப்பவர் வர வேண்டும்: தொடக்கப் பாடம் ஒன்று, சிந்தனை அறிக்கை, சமூகத் திறன், சிக்கல் தீர்த்தல். இரண்டு நாளுக்குள் கருத்துச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு சொன்னால் இருவருக்கும் மறந்திருக்கும். ஒரு தடவைக்கு மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று; எட்டுக் குறையைப் பட்டியல் போட்டால் எதுவும் மாறாது. வீடியோ எடுப்பதாக இருந்தால் எல்லோரிடமும் சம்மதம் வாங்கி, கேமராவை வழிநடத்துநர் பக்கம் மட்டும் திருப்பி வையுங்கள். எண்ணிப் பார்க்க எளிதான ஒரு அளவுகோலும் சொல்கிறேன்: பத்து நிமிடத்தில் வழிநடத்துநர் எத்தனை நிமிடம் பேசினார்? சிந்தனை அறிக்கைப் பாடத்தில் ஐந்துக்கு மேல் போனால் அவர் பிரசங்கத்துக்கு நழுவிவிட்டார் என்று அர்த்தம். பாராட்டுக்கும் கண்டிப்புக்கும் நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தைத் துறையில் சொல்வார்கள், அதையும் எண்ணலாம்.

குழுவில் யார் உட்காருகிறார்கள் என்பது தவறினால் எந்தப் பயிற்சியும் காப்பாற்றாது. 8 முதல் 12 பேர். அபாயம் குறைந்தவர்களை இடம் நிரப்புவதற்காகச் சேர்க்காதீர்கள். அவர்களுக்குப் பலன் குறைவு, தீவிரமானவர்களோடு பழகுவதால் கெடுதல் அதிகம். வாரத்துக்கு இரண்டு அமர்வு நல்ல வேகம். ஒரு பாடம் தவறினால் அடுத்த அமர்வுக்கு முன் தனியாக நடத்திவிட வேண்டும், ஏனென்றால் பாடங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கின்றன. 25 பாடத்தை ஒன்றரை மணி வீதம் நடத்தினால் மொத்தம் 37.5 மணி நேரம். அபாயம் மிக அதிகமுள்ளவருக்கு 200 மணி நேர அளவில் இடையீடு தேவை என்பது துறையில் சொல்லப்படும் கணக்கு. ஆக இந்தக் குழு சாப்பாட்டில் ஒரு கவளம். போதைச் சிகிச்சை, வேலை, குடும்பம் எல்லாம் தனியே பார்க்க வேண்டும் என்று நீதிபதியிடமும் சொல்லி வையுங்கள்.

பாலியல் குற்றம் செய்தவர்களுக்கும் இதே குழு போதும் என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். தனியாக வடிவமைத்த திட்டமே கூடத் தவறலாம். இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் பல ஆண்டு நடந்த பாலியல் குற்றவாளிகளுக்கான குழுத் திட்டத்தை நீதித்துறை அமைச்சகம் மதிப்பிட்டு 2017-இல் வெளியிட்ட அறிக்கையில், திட்டத்தில் கலந்துகொண்டவர்களில் 10 சதவீதம் பேரும், ஒப்பிட எடுத்துக்கொண்டவர்களில் 8 சதவீதம் பேரும் மீண்டும் பாலியல் குற்றம் செய்திருந்தார்கள். அந்தத் திட்டத்தை விலக்கிக்கொண்டார்கள். பயிற்சி, மேற்பார்வை, வீடியோ எல்லாம் இருந்த அமைப்பு அது. நல்ல நோக்கத்தோடு நடத்தினால் கெடுதல் வராது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் குழுக்களின் முடிவுகளையும் முதல் நாளிலிருந்தே எண்ணி வையுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எந்தப் பாடத்தில் உதிர்ந்தார்கள், ஒரு வருடத்தில் எத்தனை பேர் மீண்டும் கைதானார்கள். பாதியில் விட்டவர்களையும் கணக்கில் சேருங்கள். முடித்தவர்களை மட்டும் எண்ணினால் எந்தத் திட்டமும் வெற்றிதான்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. தமிழ் பேசுபவர்களுக்கு இதே முறையில் குழு நடத்த நினைப்பவர்கள் மொழிபெயர்ப்பில் முதலில் தடுக்கி விழுவது 'தோணுது' என்ற சொல்லில்தான். "அவன் ஏமாத்துறான்னு தோணுது" என்பது எண்ணம். ஆனால் "எப்படி உணர்ந்தீர்கள்?" என்று கேட்டாலும் "ஒரு மாதிரி தோணுச்சு" என்றே பதில் வரும். இரண்டு பகுதிகளும் பலகையில் கலந்துவிடும். "அப்போ மனசுல என்ன ஓடுச்சு?" என்று கேட்டால் எண்ணம் வருகிறது, "உடம்பு எப்படி இருந்துச்சு, படபடன்னு வந்துச்சா, முகம் சுட்டுச்சா?" என்று உடம்பின் வழியாகப் போனால் உணர்வு வருகிறது. 'கஷ்டமா இருந்துச்சு' என்பது துக்கம், அவமானம், பயம், பணமுடை எல்லாவற்றையும் மூடும் போர்வை. அதை விலக்கிப் பார்க்க, வெக்கம், கடுப்பு, பொறாமை, பயம், ஏக்கம் என்று பேச்சுவழக்குச் சொற்களின் பட்டியல் ஒன்றைச் சுவரில் ஒட்டுவது உதவும். "ஏன் அப்படிப் பண்ணீங்க?" என்பதோ தமிழில் கேள்வியாகவே காதில் விழாது, திட்டாகத்தான் விழும். அந்த வாக்கியத்தைப் பயிற்சியின் முதல் நாளிலேயே தடை செய்துவிடலாம்.